பிக்கப்பின் இரண்டாவது வளைவு

ஐப்பசி, வியாழன் இரவு.

மேருமலையே வளைந்தாலும் நிமிர்த்துவேன் என்று சவால் விட்டு, தங்கச்சி மகன் முருகேசன் முட்டை லோடு அடிக்கும் பிக்கப் வண்டியை வாசலில் நிறுத்தினேன். பின்னால் சரக்கு ஏற்றும் பாடியின் இடப்பக்கத் தகடு உள்ளே வளைந்திருந்தது. இரண்டு பக்கத்துக்கும் நடுவே ஜாக்கியைக் குறுக்காகக் கொடுத்து ஏற்றினேன். வளைந்த பக்கம் அசையவே இல்லை. நன்றாக இருந்த வலப்பக்கம் பூசணிக்காயாகப் பிதுங்கிவிட்டது. பின்கதவு கொக்கியில் மாட்டவே மாட்டேன் என்கிறது. கதவு மூடாத வண்டியில் யார் முட்டை ஏற்றுவார்கள்?

“நாளைக்கு லோடு என்னடா ஆச்சு?” என்று, பண்ணைக்குப் போன் பேசிவிட்டு வந்தவனிடம் கேட்டேன்.

“பண்ணையில வேற வண்டி வெச்சுட்டாங்க. இனி லோடு எல்லாம் அந்த வண்டிக்காரனுக்கேதானாம்.”

இந்தப் பயல் என்னை ‘யோவ் மாமா’ என்றுதான் கூப்பிடுவான். இன்று திட்டுவான் என்று காத்திருந்தேன்.

“பரவால்லீங்க மாமா. நீங்க போய்ப் படுங்க” என்றான்.

அந்த ‘ங்க’வைக் கேட்ட பிறகு எங்கே போய்ப் படுப்பது?