தகட்டில் இருந்த எண்

என்னங்க,

எனக்குக் காலை ஷிப்ட் என்பதால் உங்களை எழுப்பாமல் கிளம்புகிறேன். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். வெறும் வயிற்றோடு கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார வேண்டாம். இனி அங்கே உங்களுக்கு வேலையும் இல்லை. கையேடு கிடைத்துவிட்டது.

நம் பையன் பாதியில் பிரித்துப் போட்ட அந்தப் பழைய வால்வு ரேடியோவுக்கு உரியதேதான். அவன் போனதிலிருந்து நீங்கள் நெட்டில் தேடியதெல்லாம் பெட்டியின் முதுகில் ஒட்டியிருந்த எண்ணை வைத்து. பெட்டி வேறு ரேடியோவுடையது போலிருக்கிறது. நீங்கள் வீட்டில் இல்லாதபோது அதைத் தூசி துடைப்பது நான்தான். நேற்று துடைக்கும்போது உள்ளே பாகங்கள் பொருத்திய தகட்டில் வேறு எண் கண்ணில் பட்டது. விடிந்ததும் அதைப் போட்டுத் தேடினேன். யாரோ ஒரு புண்ணியவான் முழுப் புத்தகத்தையும் ஸ்கேன் பண்ணிப் போட்டிருக்கிறார். அச்செடுத்து அவன் மேஜையில் வைத்திருக்கிறேன்.

ராத்திரி, "புக்கு கிடைச்சா செத்த புள்ள திரும்பி வந்துடுவானா?" என்று கத்திவிட்டேன். அந்த வார்த்தையை இந்த வீட்டில் அதுவரை யாரும் சொன்னதில்லை. நீங்கள் கம்ப்யூட்டரை அணைத்தீர்கள். திட்டியிருக்கலாம்.

வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுங்கள்.

பி.கு. வயரெல்லாம் இணையுங்கள், அவசரமில்லை. சுவிட்சை மட்டும் நான் வரும்வரை போடாதீர்கள். அது பாடினாலும் பாடாவிட்டாலும், அந்த நேரம் அந்த அறையில் நீங்கள் தனியாக இருக்கக்கூடாது.