நாற்பத்தெட்டு வோல்ட் பேய்

மே 3, சனி

கள்ளக்குறிச்சி மாவட்டத் தலைநகரப் பொதுமக்கள் அனைவரும் எழுந்து நிற்கவும். இன்று பிற்பகல் எங்கள் வீட்டுக்கு மிக்சர் வந்து சேர்ந்தது. இதில் ஓமப்பொடி இல்லை, கடலை இல்லை. ஒலியைக் கூட்டிக் குறைக்கத் திருகுகிற குமிழ்கள் மட்டும். சவுண்ட் சர்வீஸ் தனசேகரன் அண்ணன் தன் பழைய மிக்சரை என் தலையில் கட்டிவிட்டார்.

வெள்ளிமலைக்கு ஜீப் ஓட்டிவிட்டு வந்த அப்பா அதைத் தூக்கிப் பார்த்து, "இத எப்புட்றா துன்றது?" என்றார். ஜோக் அடிக்கிற என் தொழிலுக்கு வீட்டுக்குள்ளேயே போட்டி.

இனி நான் ஒலிப்பொறியாளர் செழியன்.

மே 5, திங்கள்

மிக்சர் அக்காவுக்காகத்தான். மலைப் பள்ளிகளுக்குப் பாடங்களைக் குரலில் பதிந்து கொடுக்கும் குழு ஒன்று ஆள் எடுக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் மாதிரி அனுப்ப வேண்டும். அக்கா பெயர் இசைவாணி. போன வருஷம் கழுத்தில் தைராய்டு ஆபரேஷன் ஆனதிலிருந்து வாணி இசைய மாட்டேன் என்கிறாள். சில மாதம் குரலே இல்லை. இப்போது திரும்பி வந்திருப்பது மெல்லிசு, அடுத்த அறையைத் தாண்டாது.

திருவிழாவில் பிடிக்கிற மைக்கை மாட்டிப் பார்த்தேன். அது கத்துகிறவர்களுக்கான மைக். வாயோடு ஒட்டி வைத்தும் அக்கா கிணற்றுக்குள் இருந்து பேசினாள். குமிழைத் திருகினால் இரைச்சல்தான் ஏறியது.

"எனுக்குக் கத்த வராதுடா," என்றாள், சிரித்துக்கொண்டே.

மே 6, செவ்வாய்

கண்டன்சர் மைக் வந்துவிட்டது. எறும்பு தும்மினாலும் கேட்கும். ஆனால் அதற்கு மிக்சரிலிருந்து கரண்ட் போக வேண்டும். பின்பக்கம் 48 என்று போட்ட பொத்தானை அமுக்க வேண்டும். அதற்குப் பேர் ஃபாண்டம் பவர்.

"அப்புடின்னா இன்னாடா?" என்றாள் அம்மா.

விடுவேனா?

"பேய் கரண்டும்மா. நாப்பத்தெட்டு பேயி ஒயரு வழியா வந்து மைக்குல குந்திக்கினு, பேசுறவங்க கொரல உறிஞ்சும்."

அம்மா சிரிக்கவில்லை. அவளுக்கும் சேர்த்து நானே சிரித்தேன்.

அக்கா ஒரு வரி படித்தாள். மூச்சு வாங்கியதுகூட அழகாக விழுந்தது. ஹெட்போனில் கேட்டுவிட்டு, "நானாடா இது?" என்றாள்.

மே 8, வியாழன்

மைக் செத்துவிட்டது.

மே 9, வெள்ளி

வீட்டிலுள்ள ஒயரையெல்லாம் மாற்றிவிட்டேன். தனசேகரன் அண்ணனுக்குப் போன் போட்டேன். "செவ்வாக்கெழம ஓடிச்சில்ல? அப்ப ஒயரு கோளாறு. இல்லன்னா ஒங்கோளாறு," என்றார்.

சாயங்காலம் அக்கா ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். "வுடுடா. மைக்குக்கே என் கொரலு பத்தல போல."

ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்திருக்கலாம். ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

மே 10, சனி

கடைசி முயற்சியாக மிக்சரைத் திருப்பினேன். செவ்வாய்க்கிழமை நான் அமுக்கிவிட்ட பின்பக்கப் பொத்தான் வெளியே வந்து நின்றது. அதன்மேல் திருநீறு.

அடுப்படிக்குப் போனேன். அம்மா திரும்பாமலே சொன்னாள்: "நீதான உறிஞ்சும்னு சொன்ன. அதான் அன்னிக்கு ராத்திரியே பொத்தான அமுத்தி அணைச்சிட்டு, துண்ணூறு பூசிட்டு வந்தேன். பொண்ணு சைகையில சோறு கேட்டத நான் பாத்தவ. இன்னொருவாட்டி போச்சுன்னா?"

"வெளையாட்டுக்குச் சொன்னம்மா."

"உனுக்கு எல்லாமே வெளையாட்டு."

அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து வந்து ஹெட்போனை மாட்டிவிட்டேன். பொத்தானை அமுக்கினேன். அக்கா மைக் முன்னால் உட்கார்ந்து, மெதுவாக, "எம்மா, சோறு ஆச்சா?" என்றாள்.

அம்மா ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"இன்னொருவாட்டி கேளுடி."

எப்படிச் சரியாச்சு என்று அக்கா கேட்டாள். ஒயர் என்றேன். பதிந்த மாதிரி அன்றிரவே குழுவுக்குப் போய்விட்டது.

ஜூன் 14, சனி

அக்காவைக் குழுவில் எடுத்துக்கொண்டார்கள். தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன்: சரியான மைக்கைத் தேர்ந்தெடுத்தவன் நான், ஒருத்தராலும் கண்டுபிடிக்க முடியாத கோளாறைக் கண்டுபிடித்தவன் நான். அம்மா என்னையே பார்த்தாள். காட்டிக்கொடுக்கவில்லை. அதுதான் குத்தியது. மத்தியானம் அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். ஹெட்போன் ஒயராலேயே இரண்டு போட்டாள்.

சரி, இங்கேயும் எழுதிவைக்கிறேன். கோளாறு மைக்கில் இல்லை, ஒயரில் இல்லை, என் வாயில். இப்போதெல்லாம் பதிவுக்கு முன்னால் அம்மாதான் பொத்தானைத் தொட்டுக் கும்பிட்டு அமுக்குகிறாள். திருநீறு இடுக்கில் போய் அடைத்துக்கொள்கிறது.

அதைத் துடைப்பதுதான் ஒலிப்பொறியாளரின் வேலை.