ஊமைப் படத்துக்கு அம்மா கொடுத்த குரல்

ஜூன் 14, சனிக்கிழமை

படத்தின் கதை எனக்கு முன்பே தெரியும் என்று அம்மாவிடம் இன்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வந்திருக்க மாட்டாள். ஊர் தூற்றிய ஒருத்தி விவாகரத்து வாங்கி மறுமணம் செய்துகொள்ளும் பழைய ஊமைப் படம் அது. அம்மாவும் விவாகரத்தானவள். கிள்ளானில் இருக்கும் மணியம் அங்கிள் அவளைக் கல்யாணத்துக்குக் கேட்டிருக்கிறார். ஊர் வாய்க்குப் பயந்து பதிலே சொல்லாமல் இருந்தாள்.

பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில், திரையில் வந்த ஆங்கில வரிகளை அவள் காதில் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். மாமியார் நாயகிக்கு வாசலைக் காட்டும் இடத்தில் என் கையைத் தட்டினாள்.

"நீ சும்மா இரு லா. அவ என்ன சொல்றான்னு எனக்குத் தெரியும்."

அதன்பின் நாயகி வாயசைத்தபோதெல்லாம் அம்மாவே பேசினாள். "நான் என்ன திருடிட்டா போறேன்? நிமிர்ந்துதான் போவேன்."

பின்வரிசை ஆன்டி ஒருவர், "சத்தமா சொல்லுங்கக்கா, இங்க கேக்கல" என்றார்.

அம்மா சத்தமாகவே சொன்னாள். புடவை எடுக்கப் போனால்கூட "உன் இஷ்டம்" என்பவள். நான் திரையை மறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தப் பேச்செல்லாம் இத்தனை காலம் எங்கே இருந்தது?

வெளியே வந்ததும் மணியம் அங்கிளுக்கு அம்மாவே போன் செய்தாள். "நாளைக்கு வீட்டுக்கு வாங்க, கல்யாணத்தைப் பேசி முடிச்சிடலாம்" என்றாள்.