அணைந்ததாகச் சொல்லப்பட்ட செல்பேசியில் பதிவான நான்கு புகார்கள்

அனுப்புநர்
அஃப்சருன்னிசா, எம்.ஏ., எம்.ஃபில்.,
ஒப்பந்தப் பதிவாளர், குடிமக்கள் குரல் மையம்,
(இருப்பு) மயிலாப்பூர், சென்னை – 4.

பெறுநர்
இணை இயக்குநர் அவர்கள்,
குடிமக்கள் குரல் மையம்,
தியாகராய நகர், சென்னை – 17.

பொருள்: பணி மதிப்பீட்டு அறிக்கையில் நான் "பாவனை செய்ததாக" எழுதப்பட்டிருப்பதை நீக்கி, மறுமதிப்பீடு நடத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தொலைபேசியில் வரும் பொதுமக்களின் புகார்களைக் கேட்டுப் பதிவு செய்யும் பணியில் பதினோரு ஆண்டுகளாக இருக்கிறேன். வயது நாற்பத்தெட்டு. பிறவியிலேயே பார்வையில்லை. 04.11.2025 அன்று நடந்த மதிப்பீட்டின் அறிக்கை 12ஆம் தேதி என் கைக்கு வந்தது. பக்கத்து இருக்கையில் பணிபுரியும் பொன்மணி அதை வாசித்துக் காட்டினார். "அணைந்திருந்த செல்பேசியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு தட்டச்சு செய்வதுபோல் பாவனை செய்தார். ஒப்பந்த நீட்டிப்புக்குப் பரிந்துரைக்கவில்லை" என்பது அதன் வாசகம். ஒப்பந்தம் இம்மாதம் 30ஆம் தேதி முடிகிறது. இந்த வயதில் வேறு வேலை கிடைக்குமா என்பது ஐயமே. அதைவிட, பாவனை என்ற சொல்லைச் சுமந்துகொண்டு வெளியேற எனக்கு மனமில்லை.

2. நான் எழுதும் முறையை அறிக்கை எழுதியவர் அறிந்திருக்கவில்லை என்றே கருதுகிறேன். மையம் வழங்கிய செல்பேசியில் பிரெய்ல் முறையில் எழுதுகிறேன். செல்பேசியைக் கிடைமட்டமாக, அதன் முதுகு என் பக்கமும் திரை எதிர்ப்பக்கமும் இருக்கும்படி பிடிக்க வேண்டும். இரு கைகளிலும் மும்மூன்று விரல்கள் முன்னால் சுற்றிச் சென்று திரையில் ஆறு புள்ளிகளாக அமரும். எந்தெந்த விரல்கள் சேர்ந்து தட்டுகின்றனவோ அதற்கேற்ற எழுத்து பதிவாகி, ஒரு காதிலுள்ள காதுக்கருவியில் ஒலிக்கும்; அழைப்பவரின் குரல் மேசைத் தொலைபேசி வழியாக மறுகாதில் கேட்கும். பார்வையுள்ள ஒருவர் எதிரே நின்று பார்த்தால், செல்பேசியைப் பிடிக்கத் தெரியாதவள் என்றுதான் தோன்றும்.

3. திரை இருண்டிருந்ததும் உண்மை. அதை இருட்டாக்கியவள் நானே. திரை எப்போதும் எதிரிலிருப்பவரைப் பார்த்தே இருப்பதால், நான் எழுதுவதை எனக்கு முன் அவர் படித்துவிடுகிறார். சென்ற ஆண்டு, கணவர்மீது புகார் கொடுத்த ஒரு பெண்ணின் முகவரியை, தேநீர் அருந்திக்கொண்டு எதிரே நின்ற ஒருவர் உரக்கப் படித்தார். அன்றிலிருந்து திரையை மறைக்கும் வசதியை இயக்கியே பணிபுரிகிறேன். செல்பேசி முழுமையாக இயங்கும்; வெளிச்சம் மட்டும் இராது.

4. மதிப்பீட்டு நாளன்று மூன்று புகார்களைப் பதிவு செய்து முடித்து, நான்காவதாக முனியம்மாள் என்பவரின் அழைப்பில் இருந்தேன். ஆற்றோரத்திலிருந்து புறநகர்க் குடியிருப்புக்கு மாற்றப்பட்டவர். "ஏழாவது மாடிம்மா. லிப்ட் ஓடி ரெண்டு மாசம் ஆவுது. வாரத்துக்கு ரெண்டு தபா எங்க வூட்டுக்காரருக்கு டயாலிசிஸு. சேர்ல ஒக்கார வச்சி நாலு பேரு தூக்கிக்கினு எறங்கறாங்கோ" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது மதிப்பீட்டாளர் திரு. செந்தில்குமார் என் முன்னால் வந்து நின்று, "இன்னா மேடம், போனு ஆஃப்ல கீது, நீங்க பாட்டுக்குத் தட்டிக்கினு கீறீங்க?" என்றார். நான் விளக்குவதற்குள் செல்பேசியை என் கையிலிருந்து வாங்கி, பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தி, திரை என்னைப் பார்க்கும்படி திருப்பிக் கையில் வைத்தார். பொன்மணி, "சார், அவங்களுக்குக் கண்ணு தெரியாது, எழுதறதே அப்டித்தான் சார். குடுத்துடுங்க" என்றார். "நீ உன் போன் காலைப் பாரும்மா" என்ற பதில் அவருக்குக் கிடைத்தது.

மதிப்பீட்டாளர் உதவி செய்வதாகவே நினைத்தார். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் செல்பேசி பூட்டிக்கொண்டது. எழுதியது அழிந்தது. மறுபடி தொடங்க அனுமதி கேட்டேன். நேரம் முடிந்துவிட்டது என்றார்.

5. செல்பேசியில் தட்டச்சு சரியாக வரவில்லை என்று நானே ஆகஸ்டு மாதம் எழுதிக் கொடுத்த கடிதம், என் திறமையின்மைக்குச் சான்றாக அறிக்கையில் இணைக்கப்பட்டுள்ளது. அக்கடிதம் உண்மை. திரைமேல் ஒட்டியிருந்த தடித்த கண்ணாடி, ஆறு விரல்கள் ஒருசேரப் பட்டால் நான்கைந்தை மட்டுமே ஏற்றது. மூன்று விரல்களால் தள்ளினால் திரையைப் படமெடுக்கும் வசதி குறுக்கே வந்தது. கடிதத்துக்குப் பதில் வரவில்லை. கண்ணாடியை நானே உரித்தெடுத்தேன். படமெடுக்கும் வசதியை நிறுத்தினேன். விரல்கள் அமரும் இடத்தைச் செல்பேசிக்கு மறுபடி பழக்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இதற்கே சென்றது. செப்டம்பர் முதல் பிழையாகப் பதிவான புகார் ஒன்றுகூட இல்லை. என் சொல்லை நம்ப வேண்டாம், பதிவேட்டைப் பார்க்கலாம்.

6. மதிப்பீடு முடிந்ததும் படிக்கட்டருகே நின்று, முனியம்மாள் சொன்னதை நினைவிலிருந்து அதே செல்பேசியில், அதே விதமாகப் பிடித்து எழுதி அனுப்பினேன். முந்தைய மூன்று புகார்களின் எண்களையும் இதன் எண்ணையும், பதிவான நேரங்களோடு இணைத்துள்ளேன். நான் செய்தது பாவனை என்றால் இந்த நான்கும் எப்படிப் பதிவாயின என்பதை அறிக்கை விளக்கவில்லை. 10ஆம் தேதி முனியம்மாள் மறுபடி அழைத்தார். லிப்ட் ஓடுகிறதாம். "அந்தக் கண்ணு தெரியாத அம்மாவாண்ட சொல்லிடுங்கோ" என்று பொன்மணியிடம் சொல்லி, போனை வைத்துவிட்டார்; அன்று பொன்மணி மதிப்பீட்டாளரிடம் சொன்னது இணைப்பில் அவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும். நான் அப்போது உணவு இடைவேளையில் இருந்தேன்.

7. ஆகவே, (அ) "பாவனை" என்ற குறிப்பை என் கோப்பிலிருந்து நீக்கவும், (ஆ) 30ஆம் தேதிக்கு முன் மறுமதிப்பீடு நடத்தவும், அப்போது என் கையிலுள்ள செல்பேசியை எவரும் தொடாதிருக்க ஆணையிடவும் வேண்டுகிறேன். தாங்கள் நேரில் இருந்து பார்ப்பீர்களாயின் காதுக்கருவியைக் கழற்றிவிட்டு எழுதுகிறேன். ஒவ்வோர் எழுத்தும் தங்கள் காதிலும் விழும்.

இம்மனுவையும் அதே செல்பேசியில், முதுகு என் பக்கமாக, இருண்ட திரையில் எழுதித் தங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்புகிறேன். தங்களுக்கு முன் இதைக் கண்ணால் படித்தவர் எவருமில்லை.

நாள்: 17.11.2025
இடம்: மயிலாப்பூர்

தங்கள் உண்மையுள்ள,
அஃப்சருன்னிசா

இணைப்பு: நான்கு புகார்களின் பதிவெண்கள், பதிவான நேரங்கள்.