நாள் சொல்லாத சொல்

அன்புள்ள லெய்மாராவுக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகம்தானே? அம்மாவின் முட்டிவலி குறைந்ததா? நான் நலம். குடைமிளகாய் ஓடும் பெல்ட்டில் விரல் லேசாக நசுங்கியது, நகம் மட்டும்தான் போனது.

இங்கே காய் பிரிக்கும் கொட்டகையில் மேஸ்திரி டேரிலின் வாயில் எப்போதும் ஒரே ஆங்கிலச் சொல், "சார்ட் அவுட்." காய் பிரித்தாலும் அதுதான், தகராறு தீர்த்தாலும் அதுதான். வெந்நீர் வரவில்லை, பெல்ட்டுக்கு மூடி இல்லை என்றோம். "சார்ட் அவுட் பண்ணிடலாம்பா!" என்றான். நம் எஃபாத்தே தீவில் வாக்கோடு நாளும் சொல்வார்களே, அந்தப் பழக்கத்தில் "என்னிக்கு?" என்றேன்.

"ஏன், என்னை நம்பலையா?" என்று சிரித்தான்.

"அவன் அப்படிச் சொன்னா பச்சத்தண்ணிதான்டா, போய்க் குளி," என்றான் அறைத்தோழன் மாசெங்.

என் விரலைப் பார்த்தும் டேரில் அதையேதான் சொன்னான். இப்போது அந்தச் சொல் காதில் விழுந்தாலே கையை இழுத்துக்கொள்கிறேன்.

மாசெங் ஊருக்கு வருகிறான், இதை அவனிடம்தான் கொடுத்தனுப்புகிறேன். திரும்பும்போது அவனிடம் ஒரு பாய் கொடு. புதிது வேண்டாம், நீ படுத்தது போதும்.

என்று வருவேன் என்று கேட்டிருந்தாய். கீழே ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் படிக்காதே. அது டேரிலின் சொல்.

வேன் ஹாரன் அடிக்கிறது.

உன் கல்மெட்