வீக்கத்தில் முதலிடம்

மார்ச் 4
எங்கள் கடையில் ஒருவர் தலைக்கு ஹெல்மெட் அளவு பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் அப்படியே சரிந்துவிட்டார். மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாம். பேச்சு மூச்சில்லை.

மார்ச் 6
ரத்தம் கசிந்த இடத்தைச் சுற்றி வீங்குகிறதாம். "மண்டையோடு விரியாதும்மா. இடம் பத்தலன்னா கொஞ்சம் எலும்பை எடுத்து வழி விடணும்" என்றார் டாக்டரம்மா. எங்கள் கடையில் பத்தவில்லை என்றால் அடுத்த சைஸை எடுத்துக் கொடுப்போம். இதற்கு எங்கே போவேன்?

மார்ச் 7
பக்கத்துக் கட்டிலில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. அவருக்கும் இதே வியாதி, ஏறக்குறைய இதே அளவு கசிவு. அந்தம்மா எழுந்து உட்கார்ந்து நர்ஸை அதட்டுகிறார். இவர் அசையக்கூட இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"சில ஆய்வுல ஆம்பளைங்களுக்கு வீக்கம் அதிகம்னு தெரியுது. ஹார்மோன் காரணமா இருக்கலாம், உறுதியா சொல்ல முடியாது. அதுக்காக பொம்பளைங்க எல்லாரும் சீக்கிரம் தேறிடுவாங்கன்னும் இல்ல."

ஆம்பளை மூளைதான் பெரிசு என்று கல்யாணமான நாளிலிருந்து என் உயிரை வாங்கிய மனுஷன். வீங்குவதிலுமா முதலிடம்?

மார்ச் 8
கொழுந்தன் டாக்டரம்மாவைப் பிடித்துக்கொண்டான். "அந்த பொம்பள ஹார்மோனை அண்ணிகிட்டேர்ந்து கொஞ்சம் எடுத்து அண்ணனுக்கு ஏத்த முடியாதா?"

"அவங்களுக்கே அது குறையற வயசாச்சே."

வார்டு முழுக்கக் கேட்டது. தலைமையாசிரியை தலையாட்டி ஆமோதித்தார்.

மார்ச் 9
வீக்கம் கூடியிருக்கிறது. நாளைக் காலை ஸ்கேன் - இன்னும் கூடினால் மண்டையைத் திறக்க வேண்டும். கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

சாயங்காலம் கொழுந்தன் கடையிலிருந்து இருப்பதிலேயே பெரிய ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். "மூளை வீங்கிருக்குன்னாங்களே அண்ணி. வீட்டுக்கு வரும்போது பழசு பத்தாது." திட்ட வாயைத் திறந்தேன். வீட்டுக்கு வரும்போது என்று சொன்னானே, அதனால் விட்டுவிட்டேன்.

பயமா இருக்கு. இப்படிக் கெடக்காதீங்க. எந்திரிச்சு என்னை ஏதாவது சொல்லுங்க.

மார்ச் 10
கூடவில்லை.

மார்ச் 12
இன்றைய ஸ்கேனில் கொஞ்சம் வடிந்திருக்கிறது. ஆபரேஷன் வேண்டாமாம். கொழுந்தன் முகத்தில் தன்னால்தான் என்ற பெருமை.

மார்ச் 16
கண்ணை நன்றாகத் திறந்தார். இடது கை இன்னும் எழவில்லை. டாக்டரம்மா என்னைக் காட்டி, "இவங்க யாருன்னு தெரியுதா?" என்று கேட்டார்.

என்னை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தார். என்னை மறந்துவிட்டாரா?

பிறகு நாக்குக் குழற டாக்டரம்மாவிடம் சொன்னார்: "அவளையே... கேளுங்க. எனக்கும் சேத்து... அவதானே பேசுவா."

திருப்பிக் கொடுக்கப் பதில் நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் அழுகை முந்திக்கொண்டது.