காஜா பெராங்கில் சிவப்பு மரத்து வீடு

காஜா பெராங், மலாக்கா
17.11.1957

அன்பு மகள் சிவகாமசுந்தரிக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாரியம்மன் புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம், அந்தக் குளிர் தேசத்தில் நீ சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறாய் என்று தெரிந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். நீ அனுப்பிய போட்டோவை அப்பா சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறார், தாதி உடுப்பில் நீ மெலிந்து தெரிகிறாயாம். ஆஸ்பத்திரியில் நின்றே வேலை பார்க்கிறாய், ராத்திரியில் காலுக்கு எண்ணெய் தடவிக்கொள். கம்பளிச் சட்டையை உள்ளே போட்டுக்கொள், அழகு பார்க்காதே.

நம் பினாங் ராஜா, அந்தச் சிவப்புத் தண்டுப் பனை, புதுத் தண்டு விட்டதா என்று கேட்டிருந்தாய். என்ன சொல்வேன் கண்ணு. ஆகஸ்டில் சுதந்திரத்துக்கு வளைவு கட்டுவதற்காக நாலு மட்டை கேட்டு வந்தார்கள், ஒன்றுகூடத் தரமாட்டேன் என்று அப்பா வேலியோரம் நின்றுகொண்டார். அப்போது குங்குமம் பூசினாற்போல் பதினேழு தண்டு நின்றது. அடுத்த மாதமே நிலத்துக்காரரின் ஆள் வந்து, பின்னால் இருக்கும் சதுப்பை மேடாக்கி வீடு கட்டப்போகிறோம், நீங்கள் நவம்பர் கடைசிக்குள் காலி செய்யவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான். மறுவாரமே லாரி லாரியாகச் செம்மண் கொட்டினார்கள், தண்ணீரை வடிக்க வாய்க்கால் வெட்டினார்கள். அந்த மரம் கால் நனைந்து நிற்கவேண்டிய சாதி. வேரில் ஈரம் போனதும் மட்டை நுனியிலிருந்து கருகத் தொடங்கியது. அப்பா குழாயடியிலிருந்து காவடி கட்டித் தண்ணீர் சுமக்கிறார், ஊற்றியது எல்லாம் செம்மண்ணில் போய்விடுகிறது. பக்கக் கன்று நாலைப் பெயர்த்து மண்ணெண்ணெய் டின்னில் வைத்து, நிழலில், டின்னையும் தண்ணீருக்குள்ளேயே நிறுத்திப் பார்த்தார். மூன்று அழுகிவிட்டது. நாலாவது பச்சையாகத்தான் நிற்கிறது, ஆனால் நேற்று நான் லேசாகத் தொட்டுப் பார்த்தேன், குருத்து கையோடு வந்துவிட்டது. திரும்பவும் செருகி வைத்துவிட்டேன், அவரிடம் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு ருக்மணியம்மா, மலாக்காச் செட்டி சனம், மலாயில்தான் பேசுவாள், உனக்குத் தெரியுமே, அவளும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, உன் அப்பா பேரைச் சொல்லியே, சுடாலா அப்பாசாமி, போதும் விடு என்கிறாள். அவர் காதில் வாங்குவதில்லை.

அந்த மரத்தின்மேல் அவருக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று உனக்கு முழுதும் தெரிந்திருக்காது. உன் அண்ணன் மருதமுத்துவை ஜப்பான்காரன் சயாம் ரயில் போடத் தோட்டத்து லாரியில் ஏற்றியபோது உனக்கு ஆறு வயது. சண்டை முடிந்து நாம் தோட்டத்தை விட்டு இங்கே வந்துவிட்டோம், திரும்பி வந்தால் அவன் தோட்டத்துப் பழைய லயத்து வீட்டுக்குப் போய்த் தேடுவானே என்று அப்பாவுக்குக் கவலை. உஜோங் பாசிரில் ஒரு பங்களாவில் தோட்டவேலை செய்தபோது அங்கே வெட்டிப்போட்ட கன்றைச் சைக்கிளில் கட்டிக்கொண்டுவந்து நட்டார். இந்தத் தெருவில் அப்போது வேறு யார் வீட்டிலும் அந்த மரம் கிடையாது. சயாமிலிருந்து திரும்பியவர்கள் எங்கே இருந்தாலும் போய், மருதமுத்துவைப் பார்த்தால் காஜா பெராங்கில் சிவப்பு மரத்து வீடு என்று சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு வருவார். அவனுக்கு நம்பரும் தெருப்பேரும் மறந்துபோகும், மரம் மறக்காதாம்.

இப்போது எழுதப்போவதைப் படிக்கும்போது நீ உட்கார்ந்துகொள் கண்ணு. போன மாதம் இருபத்தாறாம் தேதி, சனிக்கிழமை பகலில், அப்பா குழாயடிக்குப் போயிருந்த நேரம், ஒரு ஆள் வாசலில் வந்து நின்று, அம்மா, செவப்பு மரத்து ஊடு இதுதானே, மருதமுத்து ஊடா என்று கேட்டார். பேர் தேவதாஸாம், குளுவாங் பக்கம் தோட்டத்தில் வேலையாம், இந்த வருஷம்தான் யாரோ சொல்லி மரத்தைப் பற்றித் தெரிந்ததாம். இரண்டு பேரும் ஒரே கம்பில் கூடை தூக்கி மண் சுமந்தார்களாம். பதினாலு வருஷத்துக்கு முன்னே, மழைக்காலத்தில், கேம்பில் காலரா வந்து மூன்றே நாளில் உன் அண்ணன் போய்விட்டானாம். எங் கையாலதான்மா மண்ணு போட்டேன், சிவகாமு சிவகாமுன்னு ஒரு தங்கச்சி, தோள்ல தூக்கி வெச்சாத்தான் தூங்குமாம், அதப் பத்தியே பேசிக்கிட்டு இருப்பான் என்றார். அந்தப் பேரை அவர் வாயால் கேட்டதும் எனக்கு நம்பாமல் இருக்க வழியில்லாமல் போயிற்று. போட்ட காப்பியை அவரும் குடிக்கவில்லை, நானும் குடி என்று சொல்லவில்லை.

ஐயா வரட்டும், அவருகிட்டயும் ஒரு வார்த்த சொல்லிட்டுப் போறேன் என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா, அந்த மனுஷன் காலைப் பிடிக்காத குறையாகக் கும்பிட்டு, இப்பவே போயிடு தம்பி, அவரு வர்ற நேரம் என்று அனுப்பிவிட்டேன். அவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தவரைத் துரத்திவிட்டேன். அப்பா இரண்டு டின் தண்ணீரோடு வந்து, யாரோ ஒருத்தரு பஸ் நிக்கிற எடம் கேட்டாரு, கூடவே போயிக் காட்டிட்டு வந்தேன், கண்ணு செவந்திருந்துச்சு பாவம் என்றார். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இன்றைக்கு இருபத்திரண்டு நாள் ஆகிறது. சொல்லிவிடலாம் என்று தினமும் வாய் திறக்கிறேன், அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போவதைப் பார்த்தால் நாக்கு எழும்பவில்லை. பிள்ளைக்குச் செய்யவேண்டியதைச் செய்யாமல் தாய் மூடி மறைக்கிறாளே என்றும் இருக்கிறது. சொன்னால் இவரும் விழுந்துவிடுவாரோ என்றும் இருக்கிறது. உன் அப்பாவுக்கு எழுத்து தெரியாததால்தான் இதைத் தைரியமாக எழுதுகிறேன். பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார், என்ன இவ்வளவு நீளம், மரத்தப் பத்தி எழுதினியா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். எழுதினேன் என்றேன்.

செமாபோக்கில் ஒரு தகர வீடு கிடைத்திருக்கிறது, இருபத்தொன்பதாம் தேதி போகிறோம். நேற்றுக் காலை அப்பா ஒரு பலகையை இழைத்துக்கொண்டுவந்து, தார் டப்பாவையும் தூரிகையையும் என் கையில் கொடுத்தார். மருதமுத்துவின் தாய் தகப்பன் செமாபோக்கில் இருக்கிறார்கள் என்று எழுதச் சொன்னார், முன்பக்கத்து வேலியில் அடிக்கப்போகிறாராம். எழுதினேன். பார்த்துவிட்டு, எழுத்து சின்னதா இருக்கு, பெருசா எழுது, அவன் ரோட்டுல இருந்தே படிக்கணும் என்றார். தாரைத் துடைத்துவிட்டு மறுபடியும் பெரிதாக எழுதிக் கொடுத்தேன் கண்ணு.

நீ அங்கே தனியாக அழாதே, யாராவது தமிழ்ப் பிள்ளை இருந்தால் கூட வைத்துக்கொள். பரீட்சையை விட்டுவிடாதே. அப்பாவிடம் நான் சொல்ல வேண்டுமா வேண்டாமா என்று நீதான் எனக்குச் சொல்லவேண்டும், கேட்க எனக்கு வேறு ஆள் இல்லை. அதைக் கடிதத்தின் கடைசியில் எழுது, அங்கே வந்ததும் வாசிப்பதை நிறுத்திவிடுவேன். முதல் பக்கத்தில் மரத்தைப் பற்றி நாலு வரி விசாரித்து எழுது, அவருக்கு உரக்க வாசித்துக் காட்டுகிறேன். விலாசம் செமாபோக் என்று மாற்றிப் போட மறக்காதே. மாரியம்மன் உனக்குத் துணை இருப்பாள், நூறு வருஷம் நல்லா இரு.

உன் அம்மா,
அஞ்சலை